தத்துப்பிள்ளை வரும் வீட்டில் மூத்த பிள்ளை: பதிவு நாளிலிருந்து பின்தொடர் வருகை வரை

எங்கள் மகளுக்கு ஆறு வயது இருக்கும்போது அவளை மேசையில் உட்காரவைத்து ஒரு கடிதம் எழுத வைத்தோம். 'எங்கள் வீட்டில் குழந்தையைத் தத்தெடுக்க எனக்குச் சம்மதம். எனக்கு ஒரு தம்பி வேண்டும்.' ஒவ்வொரு சொல்லாக நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். 'சம்மதம்' என்பதில் பிழை வந்ததால் வேறு தாள் கொடுத்து மறுபடியும் எழுதச் சொன்னேன். ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டு, ஒரு வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டோம்.

தம்பி வந்து நாலாவது வாரம், ஒரு ராத்திரி அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "நான் எங்கம்மா கேட்டேன்? நீதானே எழுதச் சொன்னே."

அவள் சொன்னது உண்மை. எல்லா ஆவணத்தையும் தேதி தவறாமல் சேர்த்தோம். அவளோடு மட்டும் உட்கார்ந்து பேசவில்லை. தத்தெடுப்பு அலுவலகத்தில் கேட்டால் காகிதங்களைப் பற்றிச் சொல்வார்கள். குழந்தைகள் மனநல ஆலோசகரிடம் போனால் பிள்ளையின் மனசைப் பற்றிச் சொல்வார். வீட்டில் இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. எந்தக் காகிதம் நகரும்போது மூத்த பிள்ளைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இந்தியாவில் காரா (மத்திய தத்தெடுப்பு வள ஆணையம்) வழியாக இரண்டாவது பிள்ளையைத் தத்தெடுக்கப்போகிறவர்களுக்காக அந்த வரிசையில் எழுதுகிறேன்.

1. பதிவுக்கு முன்: எந்த வயதுப் பிள்ளை?

முதலில் தகுதி. வீட்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளை இருப்பது தடையில்லை. இரண்டு அல்லது அதற்கு மேல் பிள்ளைகள் இருந்தால், 2022 தத்தெடுப்பு விதிகளின்படி, சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளையோ எளிதில் குடும்பம் அமையாத குழந்தைகளையோ மட்டுமே தத்தெடுக்க முடியும். உறவினர் பிள்ளைக்கும் கணவன் அல்லது மனைவியின் முந்தைய திருமணத்துப் பிள்ளைக்கும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டிப் பார்ப்பார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 85, இரண்டு முதல் நான்கு வரை 90, நான்கு முதல் எட்டு வரை 100, அதற்கு மேல் 110. இந்தக் கூட்டுத்தொகையைத் தாண்டக்கூடாது. பிள்ளைக்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும் குறைந்தது 25 வயது வித்தியாசம் வேண்டும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, மகன் இருக்கும் வீட்டில் மகனையும் மகள் இருக்கும் வீட்டில் மகளையும் தத்தெடுக்க முடியாது. காரா நடைமுறை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் வருவது. அதில் இந்தத் தடை இல்லை. பெண் இருக்கும் வீட்டுக்கு இன்னொரு பெண் வரலாம்.

விண்ணப்பத்தில் வயது விருப்பம் கேட்கும்போதுதான் மூத்த பிள்ளையின் விஷயம் உள்ளே வருகிறது. கூட்டுத்தொகை இடம் கொடுக்கிறது என்பதற்காக உங்கள் பிள்ளையைவிடப் பெரிய பிள்ளையையோ அதே வயதுப் பிள்ளையையோ கேட்காதீர்கள் என்பது என் திடமான கருத்து. இத்தனை வருஷம் வீட்டில் மூத்தவளாக இருந்தவள் ஒரே நாளில் அந்த இடத்தை இழப்பது சின்ன விஷயமில்லை. ஒரே வயது என்றால் பள்ளி, உயரம், மார்க் எல்லாவற்றிலும் ஒப்பிட ஊரே கிளம்பிவிடும். இரண்டு மூன்று வயதாவது இடைவெளி இருக்கட்டும்.

2. மூத்த பிள்ளையிடம் எப்போது சொல்வது?

நாங்கள் பதிவு செய்த அன்றே "உனக்குத் தம்பி வரப்போறான்" என்று சொல்லிவிட்டோம். அவன் வந்தது இரண்டரை வருஷம் கழித்து. சின்னக் குழந்தைக்காக மூன்று வருஷத்துக்கு மேல் காத்திருக்கிறவர்களும் நிறைய. பிள்ளைக்கு அது தாங்க முடியாத காலம். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் "இந்த வருஷம் வருவானா?" என்று கேட்டவள், எட்டு வயதில் கேட்பதையே நிறுத்திவிட்டாள்.

பதிவின்போது ஒப்புதல் வேண்டும் என்பதால் மறைக்க முடியாது. ஆனால் 'வரப்போறான்' என்று உறுதி கொடுக்காமல், "ஒரு பிள்ளைக்கு அம்மா அப்பாவா இருக்க முடியுமான்னு கேட்டிருக்கோம், அவங்க பதில் சொல்ல ரொம்ப நாள் ஆகும்" என்று சொல்லலாம். தம்பியா தங்கையா, என்ன வயது என்றெல்லாம் படம் வரைந்து காட்டாதீர்கள். நடுவில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீங்களே பேச்சை எடுத்து, "இன்னும் பதில் வரலை" என்று சொல்லிவிடுங்கள். கேட்கிற பாரம் பிள்ளைமேல் இருக்க வேண்டாம்.

3. ஆவணங்களும் அந்த ஒப்புதல் கடிதமும்

காராவின் கேரிங்ஸ் இணையதளத்தில் பதிவு செய்த 30 நாளுக்குள் ஆவணங்களை ஏற்ற வேண்டும். குடும்பப் புகைப்படம், பான் அட்டை, பிறந்த தேதிச் சான்று, முகவரிச் சான்று, வருமானச் சான்று, திருமணச் சான்றிதழ், தீராத நோயோ தொற்றுநோயோ உயிருக்கு ஆபத்தான நோயோ இல்லை என்று மருத்துவர் கொடுக்கும் சான்றிதழ், தெரிந்தவர்கள் அல்லது உறவினர் இருவரின் பரிந்துரைக் கடிதங்கள். இவற்றோடு, வீட்டில் ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையின் ஒப்புதல். வரிசையில் உங்கள் இடம் ஆவணங்களை ஏற்றிப் பதிவை முடிக்கும் தேதியிலிருந்து கணக்காவதால், எல்லோரும் அவசரப்படுவார்கள். அந்த அவசரத்தில்தான் நாங்கள் தவறு செய்தோம்.

ஒப்புதல் கடிதத்தைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். மற்ற காகிதங்களைத் திரட்டத் தொடங்கும் முன்பே ஒரு வாரம் பேசுங்கள். பிள்ளை என்ன நினைக்கிறது என்று கேட்டுவிட்டு, நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். "என் ரூமைக் கொடுக்கணுமா?", "அவனும் உன்கூடத்தான் படுப்பானா?", "அவனோட அம்மா வந்து கேட்டா?" என்று வரும் கேள்விகளுக்கு உண்மையான பதில் சொல்லுங்கள். கடிதத்தைப் பிள்ளை தன் சொல்லிலேயே எழுதட்டும். 'கொஞ்சம் பயமா இருக்கு, ஆனா சரி' என்று எழுதினால் அப்படியே ஏற்றலாம். 'வேண்டாம்' என்று சொன்னால் பதிவை நிறுத்திவையுங்கள். ஆறு மாதம் தள்ளிப்போவதால் வரிசையில் கொஞ்சம் பின்னே போவீர்கள். அது ஈடுகட்டக்கூடிய நஷ்டம்.

மூத்த பிள்ளையும் தத்து வந்த பிள்ளை என்றால் இந்தப் பேச்சு வேறு திசையில் போகும். "என்னையும் இப்படித்தான் கேட்டீங்களா? எனக்காக எத்தனை நாள் காத்திருந்தீங்க?" என்று தன் கதைக்குத் திரும்பும். அதைத் தடுக்காதீர்கள். பழைய கோப்பை எடுத்து, அவள் வந்த நாளின் புகைப்படங்களைக் காட்டி, அந்தக் கதையை முழுசாகச் சொல்லி முடித்த பிறகே அடுத்த பிள்ளையின் பேச்சுக்கு வாருங்கள்.

4. ஹோம் ஸ்டடி

ஆவணங்கள் சேர்ந்த 60 நாளுக்குள் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து வீட்டாய்வு அறிக்கை தயாரிப்பார். பதிவுக்கும் வீட்டாய்வுக்கும் சேர்த்து 6,000 ரூபாய். அறிக்கை மூன்று வருஷம் செல்லும். அதற்குள் பிள்ளை வராவிட்டால் புதுப்பிக்க வேண்டும், தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

வருகிறவர் மூத்த பிள்ளையிடமும் பேசுவார். பரீட்சைக்குப் போல் பதில் சொல்லிக் கொடுத்து அனுப்பாதீர்கள். பிள்ளை தனியாகப் பேச விட்டுவிட்டு நீங்கள் அடுக்களைக்குப் போய்விடுங்கள். 'எனக்குப் பொறாமை வரும்' என்று பிள்ளை சொல்லிவிட்டால் காரியம் கெட்டுவிடுமோ என்று நான் பயந்தேன். கெடவில்லை. பிள்ளையிடம் முன்னாலேயே பேசியிருக்கிறார்கள் என்றுதான் வந்தவர் எடுத்துக்கொண்டார்.

5. அந்த 48 மணி நேரம்

ஒருநாள் குழந்தையின் புகைப்படமும், குழந்தை ஆய்வு அறிக்கையும், மருத்துவப் பரிசோதனை அறிக்கையும் கேரிங்ஸில் வரும். 48 மணி நேரத்துக்குள் அந்தக் குழந்தையை உங்களுக்காக ஒதுக்கிவைக்கச் சொல்ல வேண்டும். பிறகு குழந்தை இருக்கும் இல்லமான சிறப்பு தத்துவள மையத்துக்கு நேரில் போய்ப் பார்த்து, ஒதுக்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் ஏற்புக் கையெழுத்துப் போட வேண்டும். மருத்துவ அறிக்கையைக் குழந்தை மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். இந்த 48 மணி நேரம் அதற்கே சரியாகப் போய்விடும்.

இந்த இடைவெளியில் புகைப்படத்தை மூத்த பிள்ளைக்குக் காட்டாதீர்கள். அலைபேசியை எடுத்து விளையாடுகிற பிள்ளை என்றால் படத்தை வேறு இடத்தில் வையுங்கள். ஏதோ காரணத்தால் இது கைகூடாமல் போனால், நீங்கள் இழப்பது ஒரு வாய்ப்பை. பிள்ளை இழப்பது ஏற்கெனவே பெயர் வைத்துவிட்ட ஒரு தம்பியை. முதல் தடவை நீங்கள் மட்டும் போங்கள். ஏற்புக் கையெழுத்துப் போட்ட அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து, மூவரும் உட்கார்ந்து படத்தைப் பாருங்கள். எங்கள் மகள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இவன் சட்டை பெரிசா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் தன் பழைய பனியன்களை அடுக்கிக் கொண்டுவந்து வைத்தாள்.

6. கூட்டிவரும் நாள்

ஏற்புக்குப் பிறகு பத்து நாளுக்குள், தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பாக, அதாவது தத்தெடுப்பு உத்தரவு வரும்வரை வளர்க்க, குழந்தையை உங்களிடம் ஒப்படைப்பார்கள். அப்போது 50,000 ரூபாய் குழந்தைப் பராமரிப்பு நிதியாகக் கட்ட வேண்டும். இதற்கு மேல் நன்கொடை என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்குங்கள். வேறு மாநிலம் என்றால் இரண்டு தடவை போய்வரும் செலவு தனி.

மகளுக்கு நாலு நாள் லீவு சொல்லி இந்தத் தடவை கூட்டிப்போனோம். அது நல்ல முடிவு. தம்பி எங்கிருந்து வந்தான் என்பதை அவள் கண்ணால் பார்த்தாள். வரிசையாகப் போட்டிருந்த கட்டில்கள், ஒரே மாதிரிக் கிண்ணங்கள், அவனைக் குளிப்பாட்டிய ஆயாம்மா அழுதது. பின்னால் அவன் ராத்திரியில் விழித்து அலறும்போது, "அந்த ஆயாம்மாவைத் தேடறான்" என்று எனக்கு முன்னால் புரிந்துகொண்டது அவள்தான்.

எங்கள் மகன் ஆந்திராவிலிருந்து மூன்று வயதில் வந்தான். வாசலில் அவளைப் பார்த்ததும் "அக்கா" என்றான். கூட இருந்தவர்கள் கைதட்டினார்கள். தெலுங்கிலும் அக்கா அக்காதான். ஆனால் ரயிலில் ஏறுவதற்குள் அவன் டீ வாங்கின பெண்மணியை, எதிர் சீட்டுப் பாட்டியை, என்னை, எல்லோரையும் அக்கா என்றான். மகள் என் காதில் மெதுவாகச் சொன்னாள்: "என்னை மட்டும் இல்லம்மா, எல்லாரையும் அக்காங்கறான்." அன்றைக்கு அவள் முகம் வாடியது எனக்கு மறக்காது. அந்த முதல் அழைப்பை வைத்து 'பார்த்தியா, ஒட்டிக்கிட்டான்' என்று கொண்டாடாதீர்கள். பெரிய பிள்ளைக்கு உண்மை தெரிந்துவிடும்.

7. முதல் மூன்று மாதம்

இதற்குத்தான் அதிகம் தயாராக வேண்டும்.

ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது, அழும்போது தூக்குவது, இவற்றை முதல் சில வாரம் அப்பாவும் அம்மாவும் மட்டும் செய்யுங்கள். பல கைகள் மாறி வளர்ந்த குழந்தைக்கு, 'பசித்தால் இவர்களிடம் போகலாம்' என்று இரண்டு முகங்கள் பதிய வேண்டும். மூத்த பிள்ளையை இதில் குட்டி அம்மாவாக்காதீர்கள். அவளுடைய வேலை விளையாட்டு. பந்து உருட்டலாம், சோப்புக் குமிழி ஊதலாம், ஒளிந்து பிடிக்கலாம். மொழி தெரியாவிட்டால் இன்னும் நல்லது. எங்கள் மகள் 'ரா' என்றால் வா, 'வத்து' என்றால் வேண்டாம் என்று ஒரு வாரத்தில் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டாள். அவனிடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்று இருந்தது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

அவளுக்கென்று பூட்டுள்ள ஒரு அலமாரியோ பெட்டியோ முதல் நாளே கொடுத்துவிடுங்கள். எதை எல்லாம் பகிரமாட்டாள் என்று அவளே பொறுக்கி உள்ளே வைக்கட்டும். வெளியே இருப்பது பொது, உள்ளே இருப்பது அவளுடையது. அதில் கைவைக்கக் கூடாது என்பது தம்பிக்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

முதல் இரண்டு வாரம் வீடு அமைதியாக இருந்தது. இருவரும் விருந்தாளியைப் போல் நடந்துகொண்டார்கள். மூன்றாவது வாரம் எல்லாம் வெடித்தது. அவன் கடித்தான், பொம்மையை உடைத்தான். அவள் பள்ளி கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி என்றாள், ஒன்பது வயதில் படுக்கையை நனைத்தாள், தம்ளர் வேண்டாம், பாட்டிலில் பால் கொடு என்றாள். கொடுத்தேன். ஒரு வாரம் குடித்துவிட்டு அவளே விட்டுவிட்டாள். "இவ்வளவு பெரிய பொண்ணு" என்று சொல்லித் தடுத்திருந்தால் அது எத்தனை மாதம் ஓடியிருக்குமோ.

ஒருநாள் அவன் தலையணைக்கு அடியில் பிஸ்கட்டும் அரைச் சப்பாத்தியும் இருந்தன. மகள் கண்டுபிடித்து, "திருடறான்" என்று கத்தினாள். நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அங்கே சாப்பாடு மணியடிக்கும்போது மட்டும்தான் கிடைக்கும், நாளைக்கும் இங்கே கிடைக்கும் என்று அவனுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் ஒரு பழைய டிபன் பாக்ஸில் நாலு பிஸ்கட் போட்டு அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அந்த டப்பாவைத் தினமும் ராத்திரி நிரப்புவது அவள் பொறுப்பானது. சுமார் இரண்டு மாதத்தில் காலையில் டப்பா அப்படியே இருக்கத் தொடங்கியது.

தினமும் இருபது நிமிஷம் மூத்த பிள்ளையோடு மட்டும் இருங்கள். நேரம் குறித்து, கதவைச் சாத்திக்கொண்டு. அந்த நேரத்தில் தம்பியைப் பற்றிக் குறை சொன்னால் திருத்தாமல் கேளுங்கள். "அவனைப் பிடிக்கலை" என்று சொல்லும்போது, "அப்படிச் சொல்லக்கூடாது" என்ற வார்த்தை வாய்வரை வரும். விழுங்கிவிடுங்கள். பிடிக்கவில்லை என்று உங்களிடம் சொல்ல முடிகிற பிள்ளை அவனை அடித்துக் காட்ட வேண்டியதில்லை.

'நீ பெரியவ, விட்டுக்கொடு' என்ற வாக்கியத்தையும் விட்டுவிடுங்கள். அவன் கடித்தால் அவனைத் தடுக்க வேண்டும், அவள் தள்ளினால் அவளைத் தடுக்க வேண்டும். 'பாவம், அவன் கஷ்டப்பட்டு வந்தவன்' என்று அவனுக்கு மட்டும் சலுகை கொடுத்தால், அவன் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று நீங்களே அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததாகும். ஆரம்பத்தில் இருவரையும் பெரியவர்கள் இல்லாத அறையில் தனியாக விடவும் வேண்டாம்.

மூன்று மாதம் தாண்டியும் பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் தத்துவள மையத்தின் சமூகப் பணியாளரிடம் சொல்லி ஆலோசனை கேளுங்கள். தத்துக்குப் பிந்தைய ஆலோசனையும் அவர்கள் வேலைதான். கேட்டால் பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று பயந்து மறைக்க வேண்டாம்.

8. உறவினர், பள்ளி

"இனிமே உனக்குப் பாதிதான்", "சொந்தத் தம்பி மாதிரியே இருக்கானே", "பெத்த பிள்ளை நீதானே." இவையெல்லாம் அன்போடு சொல்லப்படுபவை. மூத்த பிள்ளையின் காதில் விழுந்தால் அப்படியே தங்கிவிடும். வீட்டுக்கு வரும் பெரியவர்களிடம் முன்னாலேயே, பிள்ளைகள் இல்லாதபோது, இன்னின்ன சொல்லக்கூடாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

பள்ளியில் பிள்ளைகள் கேட்பதற்குப் பதில் கையில் இருக்க வேண்டும். "என் தம்பிதான். மத்தது எங்க வீட்டு விஷயம்" என்ற இரண்டு வாக்கியத்தை மகளோடு உட்கார்ந்து சொல்லிப் பழகினோம். தம்பி ஏன் இல்லத்தில் இருந்தான், அவனைப் பெற்றவர்கள் யார் என்ற விவரமெல்லாம் அவனுடையது. மூத்த பிள்ளைக்கும் அதை முழுசாகச் சொல்லாதீர்கள். கோபத்தில் ஒருநாள் வெளியே வந்துவிட்டால் இருவருக்குமே ஆறாத காயம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் குழந்தையின் படம் போடவும் கூடாது, உறவினர் போட்டாலும் எடுக்கச் சொல்லுங்கள்.

9. உத்தரவு, பெயர் சேர்ப்பு, பின்தொடர் வருகை

தத்தெடுப்பு உத்தரவை முன்பு நீதிமன்றம் கொடுத்தது. 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட ஆட்சியர் கொடுக்கிறார். விண்ணப்பத்தைத் தத்துவள மையம் தாக்கல் செய்யும். இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். தாமதமானால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். உத்தரவு வந்ததும் உங்கள் பெயர்களோடு பிறப்புச் சான்றிதழ், பிறகு ஆதார், குடும்ப அட்டை. தமிழ்நாட்டில் குடும்ப அட்டையில் பெயர் சேர்க்க இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். எங்கள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் பெயரைத் தட்டச்சு செய்தாள். உறவுமுறை கேட்கும் கட்டத்தில் 'தம்பி' என்று இல்லையே என்று தேடினாள். குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்றுதான் கேட்பார்கள், 'மகன்' என்று போட வேண்டும் என்றேன். "அப்போ எனக்கும் மகள்னுதான் இருக்குமா? ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரியா?" என்று கேட்டு, தன் வரியையும் அவன் வரியையும் மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மாதிரி வேலைகளை ராத்திரியில் தனியாக முடித்துவிடாமல் மூத்த பிள்ளை வீட்டில் இருக்கும் நேரத்தில் செய்யுங்கள்.

ஒப்படைத்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்கு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை சமூகப் பணியாளர் வந்து அறிக்கை எழுதுவார். ஒரு வருகைக்கு 2,000 ரூபாய், ஆக நாலுக்கும் 8,000. பதிவிலிருந்து எல்லாம் சேர்த்தால் 64,000 ரூபாய். வருகிறவர் பெரும்பாலும் சின்னப் பிள்ளையின் எடை, தடுப்பூசி, பள்ளி பற்றியே கேட்பார். மூத்த பிள்ளையோடும் பத்து நிமிஷம் தனியாகப் பேசும்படி நீங்களே கேளுங்கள்.

எங்கள் இரண்டாவது வருகையின்போது மகள் அவரை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்க் கால்மணி நேரம் புகார் சொன்னாள். கலர் பென்சிலை உடைக்கிறான், ஹோம்வொர்க் எழுதும்போது முதுகில் ஏறுகிறான், அப்பா அவனைத் திட்டுவதே இல்லை, பக்கத்து வீட்டு அக்காவை இப்போது ஆன்ட்டி என்கிறான், தன்னை மட்டும் அக்கா அக்கா என்று நாள் முழுக்கக் கூப்பிட்டு உயிரை வாங்குகிறான். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அடுத்த வருகை வருவதற்குள் மறந்துவிடக்கூடாது என்று அந்தத் தெலுங்கு நோட்டின் பின்பக்கத்தில் இப்போது அவளே தேதி போட்டுக் குறித்துவருகிறாள்.